சொல்லாமல் நடந்த தூரம்

அந்த வாரம் கொட்டிய பனிக்கு லண்டன் மனோர் பார்க்கில் ரயில் நின்றது, பஸ் நின்றது, பால்காரன்கூட எட்டிப் பார்க்கவில்லை. தொலைபேசிதான் தவறாமல் அடித்தது. சனிக்கிழமை காலையில் அதை எடுத்தவன் யோகராஜா. கொழும்பிலிருந்து சிவானந்தனின் உறவினர் ஒருவர் பேசினார். யாழ்ப்பாணத்தில் சிவானந்தனின் அம்மா காய்ச்சலில் காலமாகிவிட்டாராம். எரித்து, சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்துவிட்டதாம். சண்டையால் பாதை மூடிக் கிடந்ததால் செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்ததாம்.

சிவானந்தன் மேல்மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். யோகராஜாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவன் வீட்டிலேயே குடியிருப்பவன். அவனை எழுப்ப யோகராஜா படியில் கால் வைத்தபோது தொலைபேசி மறுபடி அடித்தது. இம்முறை லண்டனின் மறுகோடியில், சவுத்தாலில் இருக்கும் சிவானந்தனின் அக்கா சிவனேஸ்வரி. அவருக்கும் செய்தி போயிருந்தது.

"நான் வாறவரைக்கும் அவனுக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது, யோகன். நான்தான் சொல்லவேணும். சத்தியம் பண்ணு."

யோகராஜா சத்தியம் பண்ணினான். அழுகிற பெண்ணிடம் வேறு என்னதான் சொல்வது?

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் இருப்பவரிடம் சொல்லமாட்டார்கள். முதலில் ஆளை உட்காரவைத்து வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்கள். சொன்ன பிறகு அவர் எத்தனை நேரம் பட்டினி கிடப்பாரோ என்ற கவலை. துடக்கு என்கிற சாவுத் தீட்டுக் கழியும்வரை மச்சம் மாமிசம் தொடமாட்டாரே என்ற கரிசனம் வேறு. அன்பு என்றால் அன்புதான். ஆனால் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிற அன்பு.

யோகராஜாவின் மனைவி செல்வமலர் அந்த அன்பில் குறை வைக்கவில்லை. விடிந்தும் விடியாததுமாக ஆட்டிறைச்சிக் கறி கொதித்தது. பிட்டோடு அதைச் சிவானந்தனின் சாப்பாட்டுக் கோப்பையில் மலை போலக் குவித்தாள்.

"இன்னும் ரெண்டு துண்டு வையுங்கோ, அண்ணை. பிறகு எப்ப சாப்பிடுவியளோ," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "இந்த ஸ்னோவுக்கு இறைச்சிக்கடை பூட்டினாலும் பூட்டிப்போடுவாங்கள்," என்று பூசி மெழுகினாள். சிவானந்தன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டான்.

வீட்டில் அவனை வைத்திருப்பதுதான் ஆபத்து. மத்தியானத்துக்குள் லண்டனில் உள்ள பாதிப் பேர் துக்கம் விசாரிக்க அழைப்பார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தவன் பெனடிக்ற். பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டுபவன். அதற்கு முன் மொன்றியலில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது பனியில் நடக்கிற சப்பாத்து இரண்டு சோடி கொண்டுவந்தான். பட்மின்டன் மட்டையைக் காலில் கட்டியதுபோல இருக்கும். லண்டனில் இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று அவனைக் கேலி செய்யாத ஆள் இல்லை. கேலி செய்தவர்களில் முதல் ஆள் யோகராஜா. இப்போது அவனே வாய் கூசாமல் அவற்றைக் கடன் கேட்டான்.

"வாடா, எப்பிங் காட்டிலை நடந்திட்டு வருவம். இப்பிடி ஸ்னோ இனி எப்ப வரும்?" என்றான் சிவானந்தனிடம்.

எப்படியும் மறுப்பான் என்று பயந்திருந்தான். சிவானந்தன் மறுக்கவில்லை. பெனடிக்ற் இருவரையும் காட்டோரத்தில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லி வானைத் திருப்பினான். வேலை, சவுத்தாலுக்குப் போய் அக்காவை ஏற்றி வருவது.

காட்டுக்குள் யாரும் இல்லை. பீச் மரங்கள் ஒவ்வொன்றும் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். ஒரு காலத்தில் விறகுக்காகத் தலையை வெட்டி வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து கிளம்பிய கொப்புகளே இப்போது தனி மரங்கள்போல வானத்துக்குப் போயிருந்தன. கொப்புகளில் பனி கனத்துக் கிடந்தது. எங்கோ ஒரு பொதி சரிந்து விழுந்தால் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

காலை அகட்டி, தாரா வாத்து நடக்கிற மாதிரித்தான் நடக்கவேண்டியிருந்தது. சிறிது தூரத்தில் யோகராஜா ஒரு காலால் மற்றக் காலை மிதித்து முகம் குப்புற விழுந்தான். வேறு நாளாக இருந்தால் சிவானந்தன் இதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான். இன்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு முன்னால் நடந்தான்.

பெரிய மரம் ஒன்றின் கீழே நின்றார்கள். வேர்களுக்கு நடுவே பனி குறைவாக இருந்தது. யோகராஜா பையைத் திறந்து, செல்வமலர் சுற்றித் தந்த மட்டன் ரோலை நீட்டினான்.

"பசிக்கேல்லை."

"ஒண்டே ஒண்டு. வழியெல்லாம் நடந்தனி."

சிவானந்தன் அதை வாங்கவில்லை. "யோகன், ஆர்?" என்று கேட்டான்.

"என்ன, ஆர்?"

"போன வருசம் குலசேகரத்தாருக்குத் தேப்பன் செத்ததைச் சொல்ல முதல், உன்ரை குசினியிலை வைச்சு அவருக்குச் சோறு போட்டது நான். நல்ல துண்டாத் தெரிஞ்சு போட்டதும் நான். எனக்குத் தெரியாதே?"

யோகராஜா கையில் ரோலோடு நின்றான். "அக்கா வாறா, மச்சான். அவ வந்து கதைப்பா."

"அப்ப அக்கா இல்லை. சரி." சிவானந்தன் ஒரு மூச்சு விட்டான். "காலமை தொடக்கம் ஒவ்வொருத்தராச் சாகடிச்சுக்கொண்டு வாறன். மேசையிலை இருக்கேக்கை அம்மா. வானிலை வரேக்கை அக்கா. இந்த மரங்களுக்கை வந்தாப்பிறகு பாலன். அவனை எத்தினை விதமாச் சாகடிச்சிட்டன் தெரியுமே? செத்தது ஒராள். நீங்கள் எனக்கு மூண்டு பேரைத் தந்திருக்கிறியள்."

பாலேந்திரா என்ற பாலன் கடைசித் தம்பி. அம்மாவோடு அங்கேயே நின்றவன். அந்த வயதுப் பையன் அந்த ஊரில் கடைக்குப் போனாலும் திரும்பி வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாது.

பண்ணிய சத்தியம் யோகராஜாவை மறித்தது. அக்காவின் அழுகை காதில் கேட்டது. ஆனால் எதிரே நிற்கிறவன் அக்கா இல்லை. காலையில் தானும் மனைவியும் செய்ததெல்லாம் கருணை என்றே அவன் நம்பியிருந்தான். இப்போது வெட்கமாக இருந்தது.

"அம்மா," என்றான். "காய்ச்சலாம். எல்லாம் முடிஞ்சுதாம்."

"பாலன்?"

"வீட்டிலைதான். கொள்ளி வைச்சதும் அவன்தான்."

"அப்பாடா."

அது சிவானந்தனின் வாயிலிருந்து தானாக வந்தது. இறுகியிருந்த தோள் இரண்டும் தளர்ந்தன. முகத்தில் சிரிப்புப்போல ஒன்றுகூட வந்தது. அடுத்த கணம் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. காலில் கட்டிய சப்பாத்தோடு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா சொன்னனான் நான்?"

யோகராஜா குனிந்து அவன் தோளைப் பிடித்தான்.

"அம்மா செத்திட்டா எண்டு சொல்லுறாய். நான் அப்பாடா எண்டுறன்."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் யோகராஜாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வந்த தடத்திலேயே திரும்பி நடந்தார்கள். வானுக்குக் காத்து நிற்கும்போது சிவானந்தன் சொன்னான்:

"நீ சொன்னதை அக்காவுக்குச் சொல்லாதை. அவ சொல்லட்டும்."

வீட்டுக்கு வந்தபோது அக்கா முன்னறையில் இருந்தார். தலை வாராமல், மேலங்கியைக் கழற்றாமல் வந்த கோலத்திலேயே இருந்தார். தம்பியைக் கண்டதும் எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்தார். சுகமில்லை, கடுமை என்றெல்லாம் சுற்றி வளைக்கப் போகிறார் என்று யோகராஜா எதிர்பார்த்தான். அக்கா நேரே சொல்லிவிட்டார்.

"அம்மா போயிட்டா, சிவா."

சிவானந்தன் தலையைக் குனிந்தான். இப்போதும் கண்ணீர் வரவில்லை. அக்கா அவன் கைகளை விடவில்லை.

"இதை நான்தான் உனக்குச் சொல்லவேணும் எண்டு நிண்டதுக்குக் காரணம் இருக்கு. வேறை ஆருக்கும் சொல்ல ஏலாது. கொழும்பிலையிருந்து போன் வந்தவுடனை பாலன்தான் எண்டு நினைச்சிட்டன். அம்மா எண்டு சொன்னவுடனை..." அவர் மூச்சு வாங்கினார். "எனக்கு உயிர் வந்தது, சிவா. பெத்தவள் செத்த செய்திக்கு எனக்கு உயிர் வந்தது. நான் என்ன பிள்ளை?"

சிவானந்தன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

"எனக்கும் அப்பிடித்தான், அக்கா," என்றான்.

அதன் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. யோகராஜா வெளியே வந்து கதவைச் சாத்தினான்.