உண்டோ என்று எடுத்த ஆள்

ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது பெசோ நான் அலிங் செபாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. புயலில் பறந்துபோன கூரைத் தகரத்துக்காக வாங்கியது. நவோட்டாஸ் மீன்துறையில் அந்த அம்மாவிடம் கடன்படாத சுமைக்காரன் கிடையாது. கெடு தாண்டினால் அஞ்சு ஆறாகும், அதில் தயவு தாட்சண்யம் இல்லை. ஏலத்தில் மீன் எடுப்பதும் வட்டிக்கு விடுவதும் போக அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம், கூடைப்பந்து. சொந்தமாக ஓர் அணி வைத்திருந்தாள். அது ஒரு தடவைகூடத் துறைக் கோப்பையைத் தொட்டதில்லை.

அந்த வருஷம் புது விதி வந்தது. அதுவரை பணமுள்ள முதலாளிகள் வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூலிக்குக் கூட்டிவந்து ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அது நடக்காது, துறையில் வேலை செய்கிறவர்கள்தான் பெயர் கொடுக்கலாம், அணிகள் குலுக்கல் போட்டு வரிசைப்படி ஆள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது துறைக்குக் காய்ச்சல். மீன் தொட்டி இழுக்கும்போதும் சோறு தின்னும்போதும் அதே பேச்சு.

நெட்டையன் ஒருத்தன் இருந்தான், அவனைப் பற்றிச் சண்டையில்லை. சண்டையெல்லாம் கார்டுகளைப் பற்றித்தான். பந்தைத் தட்டிக்கொண்டு ஏறி ஆட்டத்தை நடத்துகிறவன் கார்டு. அவன் சரியில்லையென்றால் மற்ற நாலு பேரும் நட்டுவைத்த கம்பங்கள். எங்கள் துறையில் அப்படி இரண்டு பையன்கள். ஒருத்தன் டிக்பாய், ஐஸ் உடைக்கிறவன், மின்னல் மாதிரி ஓடுவான். இன்னொருத்தன் உண்டோ, படகிலிருந்து மீன் இறக்குகிறவன், தெற்குத் தீவுகளிலிருந்து வந்தவன். நீளக் கை, பேச்சே கிடையாது.

என்னோடு ஒரே தொட்டியை இழுக்கிற பண்டோய் டிக்பாய் கட்சி. என்னைப் பரே என்றுதான் கூப்பிடுவான், கூட்டாளி என்று அர்த்தம்.

"டிக்பாய் கால் நடுவுல பந்த விட்டான்னா எதிராளி தன் நிழலத் தேடிக்கிட்டு நிப்பான், பரே. உன் உண்டோ என்ன பண்றான்? பந்து கெடச்சா கை சுட்ட மாதிரி அடுத்தவன்கிட்ட தள்ளிடறான்."

டிக்பாய்க்கு இடது கை வெறும் அலங்காரம், இடப்பக்கம் போனாலும் இரண்டு எட்டில் வலதுக்குத்தான் திரும்புவான் என்று நான் சொன்னேன். தொட்டியின் அடியில் முட்டி சிக்குகிற வரைக்கும் நானும் கார்டாக ஆடியவன்தான். "டிக்பாய் கூடையப் பாக்கறான், உண்டோ ஆளப் பாக்கறான். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். கொக்கியைக் கீழே போட்டுவிட்டு இருவரும் இதற்காக மல்லுக்கு நின்றோம், மீன்மேல் போட்ட ஐஸ் உருகி வழிந்துகொண்டிருந்தது.

அலிங் செபா அதைக் கேட்டுவிட்டாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். விசிறியால் என் தோளைத் தட்டி, "லீனோ, எனக்கு நீயே ஆள் எடுத்துக் குடு" என்றாள். கோப்பை வந்தால் கடன் முழுக்கத் தள்ளுபடி. வராவிட்டால் அஞ்சு ஆறாகி, ஏழாயிரத்து அறுநூற்று இருபது. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, இருக்கிற தகரத்தையும் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டு வா என்றாள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

குலுக்கலில் எங்களுக்கு மூன்றாவது இடம். முதல் அணி நெட்டையனை எடுத்தது. இரண்டாவது ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள். டிக்பாயை எடுத்தார்கள். எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. உண்டோ எங்களுக்குத்தான்.

"உண்டோ" என்றேன்.

சங்கச் செயலாளர் தலையை ஆட்டினார். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொன்னால்தான் எழுதுவேன் என்றார். டிக்பாயின் நிஜப் பெயர் அவனுடைய அடையாள அட்டையில் இருந்ததால் அவன் முதலாளிக்குத் தெரிந்திருந்தது. உண்டோவின் பெயர் யாருக்குத் தெரியும்? துறையில் பாதிப்பேரின் நிஜப் பெயர் அவனவன் மனைவிக்கே தெரியாது. அவனோ அன்றைக்குப் படகோடு கடலுக்குப் போயிருந்தான். அவனோடு மீன் இறக்குகிற ஒருத்தனைக் கேட்டால், "அவன் நாய் பேரு தெரியும்" என்கிறான்.

சுவரில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்தேன். பகால்சோ என்று இரண்டு பேர், இரண்டு பேரும் கார்டு. உண்டோவின் குடும்பப்பெயர் பகால்சோ என்பது மட்டும் தெரியும். ஒன்று ரோசெண்டோ, இன்னொன்று எட்முண்டோ. நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன், எதையும் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித்தான் படிப்பேன். ஆங்கில எழுத்தில் எட்முண்டோவின் கடைசி நாலும் அப்படியே உண்டோ. வேறென்ன வேண்டும்?

"எட்முண்டோ பகால்சோ" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது டாசியோ முதலாளி. அவர் யோசிக்கவேயில்லை. "அப்போ மத்த பகால்சோ எனக்கு" என்றார், ஏதோ மிச்சத்தை எடுப்பதுபோல.

மறுநாள் பயிற்சிக்கு எங்கள் ஆள் வந்தான். முப்பத்தைந்து வயது, முன்னால் தொந்தி வந்தது, பின்னால் அவன் வந்தான். சட்டையும் மதியச் சோறும் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டான். உண்டோவின் அண்ணன்.

"உன்னை யாரும் உண்டோன்னு கூப்பிடலையா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல எல்லாப் பசங்களும் உண்டோதான், குயா. பையன்னு அர்த்தம். வீட்ல நானும் உண்டோ. படகுல அவன் சின்னவன், அதனால அவனுக்கே நின்னுபோச்சு." குயா என்றால் அண்ணன், என் வயதுக்குக் கொடுத்த மரியாதை.

துறை ஒரு வாரம் சிரித்தது. பண்டோய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏழாயிரத்து அறுநூற்று இருபது என்று மெதுவாக உச்சரிப்பான். அலிங் செபா சிரிக்கவில்லை. பேச்சு பேச்சுதான், கோப்பை வந்தால் தள்ளுபடி, வராவிட்டால் அஞ்சு ஆறு என்றாள்.

ஆனால் எட்முண்டோ கொண்டுவந்த ஒன்றை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் துடுப்பு மாதிரிப் பாதம். அந்த அளவில் ஷூ இந்த ஊர்க் கடைகளில் கிடையாது. கப்பலில் போன மாமா அனுப்பிய ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஷூ இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. தம்பி ஆட்டம் ஒரு நாள், அண்ணன் ஆட்டம் இன்னொரு நாள் என்று போனவரை தகராறில்லை.

எங்கள் மற்ற ஆட்கள் நன்றாகவே ஆடினார்கள். இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் எடுத்ததெல்லாம் என் கணிப்பு, அதை யாரும் பேசுவதில்லை. எட்முண்டோ ஓடமாட்டான், ஆனால் வழியில் நின்றால் சுற்றிக்கொண்டு போக நேரம் பிடிக்கும். அந்தப் பக்கம் டாசியோ அணிக்காக உண்டோ அரையிறுதியில் டிக்பாயோடு மோதினான். அதைப் பார்க்கச் சுமைக்காரர்கள் தொட்டிகளின்மேல் ஏறி நின்றோம். உண்டோ அவனை இடப்பக்கமே தள்ளித் தள்ளி ஆட விட்டான். டிக்பாய் பாதி ஆட்டத்தில் ஐஸ்போல உருகிப்போனான். நான் தொண்டை போகக் கத்தினேன். பண்டோய், டிக்பாய்க்கு வயிறு சரியில்லை என்றான்.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் டாசியோ அணிக்கும். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஷூ ஒரே ஜோடி, அது எட்முண்டோவின் காலில்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆட்டம் தொடங்கியது. உண்டோ எதிர் பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். டாசியோ ஆட்கள் நாலைந்து பேரின் ஷூவை அவன் காலில் திணித்துப் பார்த்தார்கள், குதிகால் வெளியே நின்றது. அவன் இல்லாமல் அவர்களுக்குப் பந்தை ஏற்ற ஆளில்லை. மூன்றாம் பகுதி முடிந்தபோது நாங்கள் பதினான்கு புள்ளி முன்னால். கூட்டம் எங்களைப் பார்த்து ஊளையிட்டது. அலிங் செபா காதில் விசிறியை வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பகுதி தொடங்கியதும் எட்முண்டோவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தூக்கிவந்து பெஞ்சில் போட்டோம். இனி அவனால் ஆட முடியாது. ஷூ மட்டும் சும்மா இருந்தது. எதிரே தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டாத. கட்டு அவுராம உக்காந்திரு" என்றாள் அலிங் செபா.

எட்முண்டோ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "குயா, உங்க கடன். நீங்க சொல்றதத்தான் செய்வேன்."

இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஷூ அவன் காலில் இருந்தால் போதும், என் கூரை என்னுடையது. ஆனால் இரண்டு மாதமாக ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சண்டை போட்டு, அந்தப் பையன்தான் துறையிலேயே பெரிய கார்டு என்று சொன்னவன் நான். அவனை வெறுங்காலோடு உட்காரவைத்து ஜெயித்தால் நான் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அதைவிட, பொய் சொல்வானேன், அவன் ஆடுவதைப் பார்க்க என் கண் துடித்தது.

"அவுத்துக் குடு" என்றேன்.

விசிறி என் பிடரியில் விழுந்தது. ஷூ களத்தின் குறுக்கே தரையில் சறுக்கிக்கொண்டு போனது. கூட்டம் எழுந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? உண்டோ ஷூ கட்டி முடிக்குமுன்னே ஓட ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஆள் கையிலிருந்து பந்தை எடுப்பான், எடுத்தது தெரியாது. பார்க்காமலே பின்னால் தருவான், அங்கே ஒருவன் நிற்பான். பதினான்கு பத்தானது, ஆறானது, ஒன்றானது. கடனையும் மறந்து நான் எதிர் அணிக்குக் கைதட்டிவிட்டேன், எங்கள் ஆட்கள் முறைத்தார்கள்.

கடைசிப் பந்து. நாங்கள் ஒரு புள்ளி முன்னால், பந்து உண்டோவிடம். எங்கள் இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் குதித்தான், எல்லாரும் கூடையைப் பார்த்தோம், அவன் பார்க்கவில்லை. கூடைக்கடியில் தனியாக நின்ற கூட்டாளியிடம் பந்தைத் தந்தான். யாரும் தடுக்கவில்லை. பந்து வளையத்தில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. ஊதல் ஊதினார்கள்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

பண்டோய் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "டிக்பாயா இருந்தா தானே போட்டிருப்பான், பரே. போட்டும் இருப்பான். உன் கடன் உன் தலையிலயே நின்னிருக்கும்."

"பந்து சரியான ஆள்கிட்டதான் போச்சு" என்றேன். "போட்டவன் கைதான் சரியில்ல." இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

எட்முண்டோ நொண்டிக்கொண்டே போய்த் தம்பியிடம் ஷூவைத் திரும்ப வாங்கிக்கொண்டான், மறுநாள் யாரோடோ அவனுக்கு ஒரு பந்தய ஆட்டம் இருந்ததாம். அலிங் செபா கோப்பையைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள், முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி. நான் பின்னாலேயே போனேன். மீன் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அந்த ஷூவ நீ குடுக்கச் சொன்னத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆறாயிரத்து முந்நூத்தம்பது போச்சு, உனக்கும் எனக்கும் இப்போ கணக்கில்ல. போ, என் கண்ணு முன்னால நிக்காத."

நான் நிற்கவில்லை.