சிறுபோகத்தில் விதைக்காத வயல்

என் மனுசன் மயில்வாகனத்துக்குப் பந்தடிக்கத் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். அடிக்கிறவன் களைத்தால் வீட்டுக்குப் போவான். பார்க்கிறவனுக்கு ஏது களைப்பு? களைத்ததெல்லாம் நான்தான்.

பெரும்போக அறுவடை முடிந்தால் எங்கள் வயலின் நடு வரம்பை வெட்டிச் சரித்துவிட்டுப் பந்தடிப்பார்கள். இந்தக் காலனியில் குடியேறிய நாள் முதல் இதுதான் வழக்கம். கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்குத் தண்ணீர் வராது, வயல் சும்மாதான் கிடக்கும். சனம் கோட்டோரம் குந்தியிருந்து, வெளியே வருகிற பந்துக்குத் தானும் ஒரு உதை விடும்.

இரணைமடுக் குளத்து அணைக்கட்டை உயர்த்திய பிறகு சிறுபோகத்துக்கும் தண்ணீர் வந்தது. டவுணில் சீமெந்துப் படியும் கம்பி வேலியுமாகப் புது மைதானமும் வந்தது. வயலை விதைத்துவிட வேண்டாமென்று பந்தடிக்காரர் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து அழாத குறை.

"கம்பிக்கு வெளியில நிண்டு பாக்கிறது ஒரு பந்தடியே, மயிலண்ணை? உங்கட வயலை விட்டால் எங்களுக்கு வேற இடமில்லை" என்றான் கப்டன் யோகநாதன். என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் சொன்னான்.

மனுசன் உருகிப்போனார். யார் யாருக்குச் சிறுபோகத் தண்ணீர் என்று பிரிக்கிற கமக்காரர் கூட்டத்தில் எழும்பி, "என்ர காணிக்கு இந்தமுறை வேண்டாம். பக்கத்துக் காணி தவராசாவுக்குக் குடுங்கோ" என்றார். அங்கே விட்டுக்கொடுத்த தண்ணீரை அந்தப் போகத்தில் திருப்பிக் கேட்க முடியாது. எல்லாரும் கை தட்டினார்களாம். கைதட்டலை உலையில் போடவா என்று கேட்டேன்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியவே கோல் கம்பம் நட்டு, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார். நான் ஏசிக்கொண்டே ஒரு குடம் மோர் கரைத்தேன். வெயில் தாழ்ந்தும் ஒருவரும் வரவில்லை. அவர் மட்டும் கோட்டோரம் துவாயை விரித்துக் குந்தியிருந்தார். வரம்புக்கு அப்பால் தவராசாவின் நெல் முழங்காலளவு நின்றது.

பொழுதுபட டவுண் பக்கமிருந்து சைக்கிள்கள் வந்தன. புது மைதானத்தில் வவுனியாக்காரரோடு ஆட்டமாம். யோகநாதன் ஒரு காலை ஊன்றி நின்றான்.

"கடைசி நேரத்திலதான் கூப்பிட்டவங்கள், அண்ணை. ஆனா என்ன இருந்தாலும் உங்கட வயல் மாதிரி வராது."

பின்னால் நின்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மனுசனோ, "மோர் கிடக்கு, குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள்.

அவர் துவாயை உதறிக்கொண்டு எழும்பினார். தவராசாவின் நெல்லையே பார்த்தார்.

"பத்மாசனி, இப்ப கேட்டால் தண்ணி விடுவாங்களோ? விதைச்சால் வருமோ?"

காலம் கடந்துவிட்டதென்று ஒரு கமக்காரனுக்கு நானா சொல்ல வேண்டும்? இத்தனை நாள் இருந்த கோபம் எங்கே போனதோ தெரியாது. பாவமாக இருந்தது.

"ஓம், வரும்" என்றேன்.

வழமைபோல ஏசிக்கொண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனுசன் வெறுந்தரையிலேயே திரும்பக் குந்திவிட்டார்.