மூன்றாம் நம்பர் வரிசை

ரேணுகாதேவிக்கு இப்போதெல்லாம் தன் வலது கையைப் பார்த்தாலே பயமாக இருந்தது. பார்க்கப்போனால் அது சாதாரணக் கைதான். பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்து விரல் நுனியில் ரேகையெல்லாம் தேய்ந்துபோன கை. காலையில் வேலைக்கு வந்து வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தால், நீ யார் என்றே தெரியாது என்று சிவப்பு விளக்குக் காட்டும். துடைத்துத் துடைத்து வைத்தால்தான் போனால் போகிறது என்று உள்ளே விடும். அப்பேர்ப்பட்ட கைக்குத்தான் ஊருக்குள் இத்தனை மரியாதை.

கோவில்பட்டியில் சென்னைக் கம்பெனி ஒன்று புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டில், மூன்றாம் நம்பர் கவுண்டரில் பில் போடுவது அவள் வேலை. கடம்பூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். வீட்டில் மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டினான். எந்நேரம் எந்த ஊரில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. சாயங்காலம் ரேணுகா போய்த்தான் மாமியாரைப் புரட்டிப் போட்டு, உடம்பு துடைத்து, கஞ்சி கொடுக்க வேண்டும். உட்கார நாற்காலியும், பொழுதுசாய வீடு போய்ச் சேரும் நேரமும் கிடைத்த வேலை இது. அதனால் உயிரைக் கொடுத்துப் பார்த்தாள்.

வம்பு ஆரம்பித்தது மாரித்தாயால். குளத்தூர்ப் பக்கத்தில் உளுந்து விதைத்திருந்த சம்சாரி வீட்டுப் பெண் அவள். புது வீடு பால் காய்ச்சுவதற்கு ஒரு பாத்திரம் எடுத்து ரேணுகாவிடம் பில் போட்டாள். அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. உளுந்து மொட்டு விடும் நேரத்தில் கரிசல் வாயைப் பிளந்து கிடந்தது. மாரித்தாய் வீட்டில் பால் பொங்கிய அன்று மத்தியானம் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. மழை மாவட்டம் முழுக்கத்தான் பெய்தது. பேர் என்னவோ ரேணுகாவின் கைக்குப் போய்விட்டது.

பிறகென்ன, ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். புது வீட்டுக்குள் முதலில் கொண்டுபோகிற உப்பு, மஞ்சள். கல்யாண வீட்டின் முதல் சாமான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்குச் சிலேட்டு. எல்லாம் மூன்றாம் நம்பரில்தான். ஒன்று, இரண்டு, நான்காம் நம்பர்க் கவுண்டர்கள் ஈ ஓட்டின. நான்காம் நம்பரில் இருந்த உமாதேவி, “இங்கன காலியாத்தான இருக்கு, வாங்க மதினி” என்று தொண்டை வற்றக் கூப்பிடுவாள். “இருக்கட்டும் தாயி, நாங்க நின்னே வாங்கிக்கிடுதோம்” என்பார்கள். ரேணுகாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

கூரையில் ஒரு கேமரா இருந்தது. கவுண்டர் கவுண்டராக எத்தனை தலை நிற்கிறது என்று எண்ணி, சென்னைக்குச் சொல்வதே அதற்கு வேலை. ஒருநாள் மேனேஜர் லிங்கராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஓட்டப்பிடாரத்துக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் போன் மணி அடித்தாலே எழுந்து நின்றுவிடுவார்.

“ஹெட் ஆபீஸ்ல கேக்காங்க ரேணுகா. உன் வரிசை மட்டும் நீண்டுகிட்டே போகுதாம். நீ மெதுவா பில் போடுதியாம்.”

“நான் மெதுவாப் போடுதேனா? நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான சார் இருக்கீங்க?”

“எனக்குத் தெரியுது. கேமராவுக்குத் தெரியலையே.”

“கைராசின்னு நிக்காங்கன்னு சொல்லிருங்க சார்.”

“எங்கன சொல்ல? கம்ப்யூட்டர்ல காரணம்னு நாலுதான் வச்சிருக்காங்க. மெஷின் கோளாறு, ஆள் பத்தல, ஆஃபர் கூட்டம், கேஷியர் வேகம் பத்தல. முதல் மூணுல எதைப் போட்டாலும் என் தலைதான் உருளும்.”

அதனால் நான்காவதைப் போட்டிருந்தார். போன ஜூன் மாதம் தன் மகளின் ஸ்கூல் பேக்கை இதே ரேணுகாவிடம் பில் போட்டு வாங்கிப் போனவர் அவர். அதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. வரிசை குறையாவிட்டால் அவளை மதுரைக் கோடவுனுக்கு மாற்றிவிடுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அங்கே ராத்திரி ஷிப்டும் உண்டு. மதுரைக்குப் போனால் மாமியாரை யார் பார்ப்பது? போகாவிட்டால் வேலை கிடையாது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரேணுகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் வர வேண்டும் என்றுதானே கடை திறந்தார்கள்? வந்த கூட்டத்துக்கு அவளை ஏன் தண்டிக்கிறார்கள்? ஒருவேளை, தான் நிஜமாகவே மெதுவோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. நாலு பேர் திரும்பத் திரும்பச் சொன்னால் நமக்கே அப்படித்தான் தோன்றும்.

மறுநாள் பேய் பிடித்தவளாகப் பில் போட்டாள். பார்த்தவர்கள், “என்ன சுறுசுறுப்பு, கையில லட்சுமி ஆடுதா” என்று இன்னும் பத்துப் பேரிடம் சொன்னார்கள். ஒன்றாம் நம்பருக்கு மாறி உட்கார்ந்து பார்த்தாள். வரிசை மொத்தமும் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தது. “என் கை அம்புட்டு ராசியான கைன்னா நான் ஏன் இங்கன கிடந்து சீரழியுதேன்?” என்று ஒரு அம்மாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அந்த அம்மா அசரவில்லை. “டாக்டரு தனக்குத்தானே ஆபரேசன் பண்ணிக்கிடுவாரா? பில்லைப் போடு தாயி.”

கடைசியில் உமாதேவிதான் யோசனை சொன்னாள். “ஏட்டி, உன் கை ராசியில்லாத கைன்னு நாமளே கிளப்பி விட்டுருவோம்.” ரேணுகா கையால் வாங்கிப்போன கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வீட்டு வாசல்படியிலேயே விழுந்து சில்லு சில்லாகப் போய்விட்டது என்று கதை கட்டி, வருகிறவர் போகிறவர் காதிலெல்லாம் போட்டாள். கதை இரண்டே நாளில் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. “அந்த வீட்டுக்கு வரவேண்டிய கண்டம் கண்ணாடியோட போச்சாமே! கைராசின்னா இதுல்ல கைராசி!” அந்த வாரம் வரிசை அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் இடம் வரைக்கும் போனது. ரேணுகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உமாதேவி மூன்றாம் நம்பர்ப் பக்கமே திரும்பாமல் இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் செண்பகராஜ் வந்தார். வரிசையை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த டேபைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். ரேணுகாவை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். திங்கள்கிழமை காலையில் மதுரைக் கோடவுன்.

“சார், வீட்ல மாமியார் படுக்கையில கிடக்காக. என்னால வர முடியாது சார்.”

“தப்பா எடுத்துக்கிடாதம்மா. இது மேல இருந்து வந்த ஆர்டர். நான் என்ன செய்ய?”

லிங்கராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ரேணுகா கவரை வாங்கிக்கொண்டு கவுண்டருக்கே திரும்பி வந்தாள். வேறு எங்கே போவது? ஷிப்டு முடியவில்லை, ஜனம் நின்றுகொண்டிருந்தது. கவரை கீபோர்டுக்கு அடியில் சொருகிவிட்டுப் பில் போட ஆரம்பித்தாள். கண்ணில் நீர் கட்டி நின்றதில் விலையெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது, முன்னால் நின்ற ஆளை அவளால் நம்ப முடியவில்லை. செண்பகராஜ். கூடையில் ஒரு பித்தளைப் பாத்திரம், உப்பு பாக்கெட், மஞ்சள். அரிசி மூட்டையிலிருந்து வரிசையில் நின்று வந்திருக்கிறார். “சார், இங்கன காலியா இருக்கு, வாங்க சார்” என்று உமாதேவி கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“நாளைக்கு சாத்தூர்ல புது வீடு பால் காய்ச்சுதோம்” என்றார் குரலைத் தாழ்த்தி. “உன் கையாலதான் வாங்கணும்னு வீட்ல ஒரே பிடிவாதம்.”

ரேணுகா ஒவ்வொன்றாக எடுத்துப் பில் போட்டாள். பாத்திரத்துக்கு ஒரு பீப், உப்புக்கு ஒரு பீப், மஞ்சளுக்கு ஒன்று. பணத்தை வாங்கினாள். பாத்திரத்துக்குள் உப்பையும் மஞ்சளையும் வைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் சிரிச்ச முகமாக் கொடும்மா. நல்ல காரியத்துக்கு வாங்குதேன்.”

“அந்த ஆர்டரைத் திருப்பி வாங்கிக்கிடுங்க சார். சிரிக்கேன்.”

“அது மேல இருந்து வந்ததுன்னு சொன்னேன்லம்மா.”

“அப்ப என் சிரிப்பும் மேல இருந்துதான் சார் வரணும்.”

அவர் தவித்தார். இந்த முகத்தோடு கொடுப்பதை வாங்கிப்போகவும் பயம், வாங்காமல் வெறுங்கையோடு போகவும் பயம். நீட்டிய கையை அவளும் மடக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, இம்புட்டு நேரம்? பிள்ளை மெதுவாப் போடுதுன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க போலிருக்கே” என்றாள்.

ரேணுகாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணில் தேங்கிய நீரெல்லாம் கொட்ட, வாய்விட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செண்பகராஜ் அந்தச் சிரிப்பு மறைவதற்குள் இரண்டு கையாலும் பாத்திரத்தை வெடுக்கென்று வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இது போதும்மா, இது போதும்” என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார். கவர் கீபோர்டுக்கு அடியில் அப்படியேதான் இருந்தது.

அடுத்த அம்மா கூடையைத் தூக்கி மேடைமேல் வைத்தாள்.

“எனக்கும் அதே மாதிரி சிரிச்சுக் கொடு தாயி. மகளுக்கு நிச்சயதார்த்தம்.”

ரேணுகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குங்கும டப்பாவைக் கையில் எடுத்தாள்.