ஆறுதல் அறையின் நாற்காலி

ஜமுனாமரத்தூர் புளிக் கம்பெனியில் புதன்கிழமை தோறும் ஆறுதல் கிடைக்கும். வேலை செய்யும் முப்பத்திரண்டு பேருக்கும் முறை வைத்து, ஆளுக்கு இருபது நிமிடம், வேலை நேரத்திலேயே. இதற்கென்று தலைமையகம் கலசப்பாக்கத்திலிருந்து தனசேகரன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தது. ஆறு மாதம் ஆயிற்று. பயன் உண்டா, தொடரலாமா என்று மேற்பார்வையாளர் சசிகலா இன்று மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் போய்க் கேட்டாள்.

"சாரு கிட்ட இன்னா பேசுவ, செல்லி?"

"நான் எதுக்கு மேடம் பேசணும்? ஆறுதல் சொல்ல வந்தவருன்னா குறி சொல்றவரு மாதிரிதான? நாம வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நம்ம கஷ்டத்த அவருதான் சொல்லணும். ஆறு மாசமா பாக்குறோம், மனுசன் வாயே தொறக்கல."

"அப்போ இருபது நிமிசம் இன்னா பண்ற?"

"தூங்குறேன். எல்லாரும் அதான். முதுகு சாயிற நாற்காலி, ஃபேனு. வூட்ல யாரு குடுக்குறா?"

"இவ கொறட்டைல அவரு பேசினாலும் கேக்காது," என்றாள் காந்தா.

எல்லோரும் சிரித்தார்கள். சசிகலாவும் சிரித்தாள். நான்கு மாதங்களுக்கு முன், வயிற்றிலிருந்த ஐந்து மாதக் குழந்தை கலைந்த நான்காம் நாளே இப்படித்தான் சிரித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். திடமான பொம்பளை என்றார்கள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுக்காமலிருப்பதுதான் பாசம் என்று நினைத்தார்கள். புதன்கிழமைப் பட்டியலில் ஒருமுறை தன் பெயரை எழுதி, அடித்துவிட்டு, காந்தாவின் பெயரை இரண்டாம் முறை போட்டாள். காந்தா அன்றைக்கு இரண்டு தூக்கம் போட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

'பயனில்லை' என்று எழுதுவதுதான் நேர்மை. அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று அறைக்குப் போனாள். தனசேகரன் எழுந்து நாற்காலியைக் காட்டினார். பிறகு பேசாமல் இருந்தார். வந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். இவர் சொல்லட்டும் என்று அவர்களும், அவர்கள் சொல்லட்டும் என்று இவரும் காத்துக் காத்தே ஆறு மாதம் ஓடியிருக்கிறது.

அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பொண்ணு சார்," என்றாள். "நர்சு சொன்னாங்க. எனக்குக் காட்டவே இல்ல."

தனசேகரன் திடுக்கிட்டார். அந்த அறையில் பேசிய முதல் ஆள் இவள். படித்த பாடமெல்லாம் மறந்துபோய், "ஐயோ, அம்மா," என்றார்.

இதுவரை அவளிடம் அதைக்கூட யாரும் சொல்லியிருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் அழுதாள். வெளியே செல்லி கதவைத் தட்டினாள். "மேடம், என் நேரம் போவுது!"

மாலையில் 'தொடரலாம்' என்று எழுதினாள். பயனடைந்தோர் என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று போட்டாள். ஒருவருக்காகத் தலைமையகம் ஆள் அனுப்பாது. அதை அழித்து 'முப்பத்திரண்டு பேர்' என்று எழுதினாள். செல்லியின் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், அது ஒன்றும் பொய்யில்லை.