காப்பியில் கரைந்த மாத்திரை

துரைக்கண்ணு மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிக் காப்பியில் போட்டான். கசப்புத் தெரியாமலிருக்கச் சர்க்கரையைத் தாராளமாகவே கலந்தான். பெண்டாட்டிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிற புருஷன் என்று பிள்ளையார்பாளையத்தில் அவனுக்கு நல்ல பெயர் வேறு.

அது எழுபத்திரண்டாம் வருஷம். நெசவாளியான அவன் தறியில் ஓடிக்கொண்டிருந்தது ஆவணிக் கல்யாணத்துக்கான முகூர்த்தச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக நெய்யும் கோர்வைக்கு ஒரு ஆள் போதாது. மனைவி ஜெயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மறுகரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். அவளுக்கோ மூட்டுவாதம், காலையில் விரல் மடங்காது. வேறு ஆளை வைக்கலாம்தான். ஆனால் பாதியில் கை மாறினால் கரை காட்டிக் கொடுத்துவிடும். அவனுக்கு அவள் விரலைவிடக் கரை பெரிதாகிவிட்டது.

கடையில் வலி மாத்திரை வாங்கி வந்து நேராகத்தான் முதலில் நீட்டினான்.

“வேணாங்க. கால்ல ரத்தம் கட்டிக்கினப்போ குடுத்த மாத்திரையெ இன்னும் சாப்ட்டுக்கினு இருக்கேன். கேக்காம வேற எதுவும் முழுங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“அது காலுக்கு, இது கைக்கு. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?”

அவள் மசியவில்லை. அதனால்தான் காப்பி.

வலி குறைந்தது, நாடா ஓடியது. ஜெயம்மாளின் கையில் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தான். தறிக்கட்டை இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்றாள். குச்சி குத்தியிருக்கும் என்றான். நெஞ்சு உறுத்தாமல் இல்லை. முந்தானை முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று அதை அடக்கிக்கொண்டான்.

முந்தானை தொடங்குமுன்பே ஜெயம்மாள் தறியடியில் சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பூர்ணம் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். “நீ சொல்றாப்ல வெளிக்குக் கறுப்பாப் போகுதுன்னா வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டியாம்மா?”

“காமாட்சி சத்தியமா இல்லம்மா.”

அவள் செய்த சத்தியம் துரைக்கண்ணுவைச் சுட்டது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

“நான்தாம்மா. காப்பியில வலி மாத்திரை கலந்து குட்த்துக்கினு இருந்தேன். அவளுக்குத் தெரியாது.”

ஜெயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இவ சாப்பிடறது ரத்தத்தை உறையவிடாத மாத்திரை,” என்றார் டாக்டர். “நீ குடுத்தது வயித்தைப் புண்ணாக்கும். ரெண்டும் சேர்ந்தா ரத்தம் நிக்காது. வலின்னா எங்கிட்ட வரணும். ஒத்துக்கிற மாத்திரை இருக்கு, வெந்நீர் ஒத்தடம் இருக்கு. முதல்ல அந்தக் கைக்கு ஓய்வு குடுத்தியா?”

ஊசியும், ஏற்றிய ரத்தமும் அவளைப் பிழைக்க வைத்தன. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அங்கம்மாள் வலிக்கு நல்லது என்று ஒரு தைலத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். துரைக்கண்ணு மூடியைத் திறக்கப் போனவன், அப்படியே எழுந்து டாக்டரைத் தேடி ஓடினான். திரும்பி வந்து புட்டியை மூலையில் வைத்தான்.

“தைலத்துலயும் சிலது ஆகாதாம், ஜெயா.”

அவள் அன்றுதான் அவனிடம் பேசினாள். “கரை கோணினா பிரிச்சிட்டு மறுபடி நெய்யலாங்க. என் ரத்தத்துல கலந்ததெ எப்படிப் பிரிப்பீங்க?”

“தப்புதான். இனிமே டாக்டரெக் கேக்காம ஒரு மாத்திரையும் இல்ல.”

“என்னையும் கேக்காம,” என்றாள் ஜெயம்மாள்.