கெலார்ட் ஐயாவுக்கு ஒரு கிளாஸ்

அம்மிக் குழவியைத் தூக்கிச் சாக்கின்மேல் போட்டாள் புஷ்பவதி. உள்ளேயிருந்த ஐஸ்கட்டி நொறுங்காமல் வழுக்கிக்கொண்டு போய்க் குசினிச் சுவரில் மோதியது. பக்கத்து வீட்டு ஜுனைதீன் மாத்தளையிலிருந்து லொறியில் வரும்போது உமிக்குள் பொதிந்து எடுத்து வந்த ஐஸ். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியாப் பாத்துக்குங்க" என்று கைவிரித்த டாக்டர், புருஷனின் வறண்ட நாக்கில் வைக்கச் சொல்லியிருந்தார். அதைத்தான் அவள் இப்போது விஸ்கிக்காக உடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் பொன்னுத்துரை ரப்பர்த் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து, ஓய்வு பெற்றபின் பல்லேபொலவில் இந்த வீட்டைக் கட்டியவர். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கெலார்ட் ஐயா, பறங்கிக்காரர், அவருக்கு உயிர்ச் சிநேகிதர். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் விறாந்தையில் உட்கார்ந்து விஸ்கி கலப்பார்கள். வெறும் தண்ணீர் விட்டுக் குடிப்பது கெலார்ட் ஐயாவுக்கு ஆகாது. தேசிக்காய்ச் சாறு, சீனிப்பாணி, முட்டையின் வெள்ளைக்கரு, ஐஸ், எல்லாவற்றையும் விஸ்கியோடு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, கை விறைக்கும்வரை குலுக்குவார். கிளாஸில் ஊற்றினால் மேலே நுரை கெட்டியாக நிற்க வேண்டும். துரைமார் கிளப்பில் அந்த நுரைமேல் ஏதோ சீமைக் கசப்பு விடுவார்களாம். அதற்கு இங்கே எங்கே போவது? பொன்னுத்துரை, நோயாளிகளுக்குப் பசியெடுக்கக் கொடுக்கும் கசப்பு மருந்தில் சில சொட்டு விடுவார். இந்தக் கலவைக்குச் 'சவர்' என்று பேர்.

புஷ்பவதி கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று பொரியல் தட்டை நீட்டுவாள். கெலார்ட் ஐயாவின் முகம் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜீப் பாலத்தில் கவிழ்ந்து கெலார்ட் ஐயா செத்துப்போனார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளோடு பொன்னுத்துரை குடியை விட்டார். மிச்ச விஸ்கி அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதற்குப் பிறகு சீமைச் சரக்கு நாட்டுக்குள் வருவதும் நின்றுபோயிற்று.

இன்றைக்கு மத்தியானம், பேச்சுமூச்சில்லாமல் கிடந்த மனுஷன் கண்ணைத் திறந்து தெளிவாகச் சொன்னார்: "புஸ்பா, பெரிய கிளாக்கர் வந்து குந்திக்கிட்டிருக்காரு. ரெண்டு கிளாஸ் சவர் கலந்து கொண்டா."

கட்டிலுக்குப் பக்கத்தில் பிரம்புக் கதிரை வெறுமையாக இருந்தது.

காய்ச்சல் பிதற்றல் என்றுதான் அவள் நினைத்தாள். கேட்டதைக் கொடுப்போம், வாயை நனைத்துக்கொள்ளட்டும். ஐஸை ஒருவழியாக உடைத்து, விஸ்கியையும் தேசிக்காய்ச் சாற்றையும் அவசரமாகக் கலக்கிக் கொண்டுபோனாள். ஒரு கிளாஸை ஸ்டூலில் வைத்துவிட்டு, மற்றதிலிருந்து ஒரு கரண்டி அவர் உதட்டில் விட்டாள்.

முகம் கோணியது. "முட்ட போடல்லியே. வந்த மனுசன் என்ன நெனைப்பாரு?" தலையைக் கதிரைப் பக்கம் திருப்பி எதையோ கேட்டுக்கொண்டார். "சரி, சரி. ஒரு கிளாஸ் நல்லதாக் குடிச்சிட்டுக் கெளம்பிடுவோம்னு சொல்றாரு."

"எங்க கெளம்புறது?"

ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பொன்னுத்துரை அவளைப் பார்த்தார்.

புஷ்பவதி வாசல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.

ஒரே மகள் இராஜகுமாரி வில்கமுவவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பஸ் கிடைப்பதே பெரும்பாடு. நேற்றே தந்தி அடித்தாயிற்று. பொழுதுபடுகிற பஸ்ஸில் எப்படியும் வந்துவிடுவாள். அதுவரை இந்த உயிர் நிற்க வேண்டும்.

அப்போது பக்கத்து வீட்டு ஆஸியா கஞ்சியோடு வந்தாள். ஜுனைதீனின் மனைவி. அறைக்குள் நின்ற விஸ்கி வாடையை அறிந்தும் அறியாதவள்போல, "கொஞ்சம் முழிச்சிருக்காரு போல" என்று பிரம்புக் கதிரையில் கையூன்றி உட்காரப் போனாள்.

"அதுல ஆள் இருக்கு!"

பொன்னுத்துரையின் நெஞ்சிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்ததோ. ஆஸியா துள்ளி விலகினாள். அவள் உதடுகள் ஓதத் தொடங்கின. புஷ்பவதியின் முழங்கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்து வந்து, "அக்கா, அந்தக் கதிரையில கைய வச்சிப் பாத்தீங்களா? சூடா இருக்கு" என்றாள்.

"வெயில் பட்டிருக்கும்."

வெளியே காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது.

கெலார்ட் ஐயா குடிக்காமல் அந்த வீட்டைவிட்டு எழுந்து போனதே கிடையாது. கொட்டுகிற மழையிலும், அவருடைய மனைவி ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோதும், கிளாஸ் காலியாகிற வரைக்கும் குந்தியிருப்பார். புஷ்பவதிக்கு அது நினைவு வந்தது. முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைப் பிரித்தாள். சீனிப்பாணி விட்டாள். ஆனால் போத்தலைக் குலுக்கவில்லை. கசப்பு மருந்துக் குப்பியை எடுத்து, மறுபடியும் சுவர்த் தட்டிலேயே வைத்தாள்.

அதை ஒரு கரண்டி வாயில் விட்டதும் பொன்னுத்துரை கண்ணை மூடிக்கொண்டார். "நுர எங்க, புஸ்பா? கசப்பும் இல்ல." மூச்சு வாங்கினார். பிறகு, தனக்கே வெட்கமாக இருப்பதுபோல மெல்லச் சொன்னார்: "நீ வேணும்னே செய்றேன்னு அவரு சிரிக்கிறாரு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரைக்கு நேராகத் திரும்பினாள். பிரம்புப் பின்னல் நடுவில் குழிந்திருந்தது. பழைய கதிரை, அப்படித்தான் இருக்கும்.

"ஐயா," என்றாள். "புள்ள வந்துக்கிட்டிருக்கா. ஒரே புள்ள. அவ முகத்தக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க. இவ்வளவு காலம் ஒங்களுக்குப் பொரிச்சிக் குடுத்திருக்கேன், ஒண்ணும் கேட்டதில்ல."

கூரையில் மழை இரைந்தது. கெலார்ட் ஐயாவின் பழைய சுருட்டு வாடை லேசாக எழுந்து அடங்கியது.

அதன்பிறகு கொஞ்ச நேரம் பொன்னுத்துரை அமைதியாகத்தான் கிடந்தார். கேட்டது கிடைத்துவிட்டது என்றே அவள் நம்பினாள். பஸ் ரோட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பொழுது சாயச் சாய மூச்சு மேலேறியது. நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போட்டது. விரல்கள் விரிப்பைப் பிறாண்டின. எத்தனையோ பேரைக் கடைசி நேரத்தில் கையைப் பிடித்து வழியனுப்பிய மனுஷன், இப்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். கேட்பதற்கு வார்த்தை வரவில்லை. கண் கேட்டது.

"இன்னும் கொஞ்சந்தான், பொறுங்க. குமாரி வந்துடுவா."

அவர் கண்ணோரம் நீர் வழிந்தது.

புஷ்பவதி எழுந்து குசினிக்குப் போனாள். ஆஸியா அடுப்படியில் நின்றாள். புஷ்பவதி கடைசி விஸ்கி முழுவதையும் ஹோர்லிக்ஸ் போத்தலில் ஊற்றினாள். சாறு, பாணி, வெள்ளைக்கரு, மிஞ்சிய ஐஸ். மூடியை இறுக்கிக் குலுக்கத் தொடங்கினாள். தோள்மூட்டு கழன்றுவிடும்போல் வலித்தது. போத்தலின் வெளிப்புறம் வேர்த்து, விரல்கள் மரத்துப்போயின. அவள் நிறுத்தவில்லை. இரண்டு கிளாஸிலும் ஊற்றியபோது நுரை பால்போல எழுந்து நின்றது. அதன்மேல் கசப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

அவர் ஒரு மிடறு விழுங்கினார். மீசையில் நுரை ஒட்டியது. முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"இதுதான்" என்றார். பிறகு, "அவருக்கும் குடு."

மற்றக் கிளாஸைக் கதிரையின் கையில் வைத்தாள். திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய தலையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால், கனத்த ஆள் எழுந்தால் பிரம்பு விடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தலை பாரமாகியது.

ஆஸியா வந்து வாசலில் நின்றாள். "இன்னா லில்லாஹி" என்று இறந்தவருக்கு ஓதுவதை அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் பஸ் நின்று புறப்பட்டது.

இராஜகுமாரி நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தாள். "ஆரும்மா வந்துட்டுப் போறது? ஒழுங்கையில ரெண்டு பேரு தோள்ல கை போட்டுக்கிட்டு எறங்கிப் போனாங்க. இருட்டுல முகம் தெரியல. இந்த மழையில கொடையும் இல்ல. ஒரே சிரிப்பு. நாந்தான் வேலியோரமா ஒதுங்கி வழி விட்டேன்..."

அறைக்குள் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது.

அழுகை ஓய்ந்த ஒரு இடைவெளியில் கேட்டாள்: "எப்பம்மா?"

"இப்பத்தான்."

"கொஞ்ச நேரம் பிடிச்சி வச்சிருக்கக் கூடாதாம்மா?"

புஷ்பவதி மகளின் ஈரத் தலையைத் துவட்டினாள். ஒரு பக்கம் காய்ந்துவிட்டது என்று தெரிந்தும் அங்கேயே துவட்டிக்கொண்டிருந்தாள்.

அயலட்டைச் சனம் வரத் தொடங்கியது. ஜுனைதீன் சனம் உட்கார வாங்குகளைத் தூக்கி வந்து விறாந்தையில் போட்டான். ஆஸியா குசினியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் இனி அடுப்பு எரியாது. தேசிக்காய்த் தோல்களையும் முட்டைக் கோதுகளையும் அள்ளிக் கொட்டிவிட்டு, ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இத என்ன செய்ய?"

கிண்ணத்தில் மஞ்சள் கருக்கள் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அவை ஒன்றோடொன்று உரசிக் குலுங்கின.

"மூடி வைங்க" என்றாள் புஷ்பவதி.