தட்டை யார் வாங்குவது

1

இந்தக் கதை என் கணவர் சிரித்ததால் பிறந்தது. வேடிக்கையாக ஏதும் நடக்கவில்லை. மூளையில் இரத்தக்குழாய் அடைத்து மூன்று வருடமாகிறது. கிளமெண்டுக்கு வலது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பேச்சு வரும், ஆனால் அது வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார். போதாததற்குச் சிரிப்பும் அழுகையும் தாமாக வந்து தாமாகப் போகின்றன. பக்கத்து குவார்ட்டர்ஸில் துக்கம் கேட்கப் போன இடத்தில் சிரித்தார். பால் பூத்தில் "தூத் கதம்", அதாவது பால் தீர்ந்துவிட்டது, என்றதற்கு அழுதார். பூத்காரர் பதறிப்போய்த் தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார். (அதை வாங்கி வந்து காய்ச்சினோம். மறைப்பானேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கிளமெண்டின் கண்களில் நீர் திரண்டபோது, மகளைப் பிரியும் ஒரு தந்தையின்

அதோடு விட்டேன். நான் நர்ஸ், லீவு நாளில் கதை எழுதுகிறவள். கண்ணீர் மாதிரி மலிவான சாமான் கதைக்காரிக்கு வேறு கிடையாது. பாத்திரம் என்ன நினைக்கிறது என்று தெரியாவிட்டால் அழவைத்துவிடலாம், படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த மனிதர் அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டார். அவர் அழுதால் வருத்தம் என்று எழுத முடியாது. சிரித்தால் சம்மதம் என்றும் எழுத முடியாது.

இரண்டாவதை நான் எழுதவில்லை. செய்துவிட்டேன்.

3

எங்கள் மகள் ஜெனிக்கு நிச்சயம். எங்கள் பக்கத்து வழக்கம் இது: சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா சேலை, பூ, பழம் வைத்த தட்டை நீட்டுவார். பெண்ணின் அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, எல்லார் காதிலும் விழ "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் அப்படித்தான். வடக்கே இந்த ஆர்.கே.புரத்துக்கு வந்தும் அப்படித்தான்.

இவருக்கோ ஒரு கைதான் கை. சொல் நேரத்துக்கு வராது. தட்டு முன்னால் நின்று சிரித்துத் தொலைத்தால் சம்பந்தி தாமஸ் என்ன நினைப்பார்? ஆகவே ஒரு வாரம் முன்பு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, தட்டை எங்க டேவிட்சன் அண்ணன் வாங்கட்டுமா?"

அவர் சிரித்தார்.

"அப்ப சரி. அண்ணன்ட்ட சொல்லிருதேன்."

வெண்டைக்காயும் முடிந்தது, பேச்சும் முடிந்தது.*

* அடியில் போக வேண்டிய குறிப்பு: "சிரிக்கிறார் என்பதால் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள், கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்" என்று வார்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கியவள் நான். இந்தியில் இன்னும் நன்றாக விளக்குவேன். இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அதையே எனக்குச் சொன்னாள்: "அங்கிள் பேச ஆரம்பிச்சா நீங்க முடிக்காதீங்க ஆன்ட்டி." அச்சா என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவர் "த" என்றார். தண்ணீரோடு போய் நின்றேன். கேட்டது தலையணை. மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையணை இல்லாமல் படுத்தார்.

4

இந்தக் கதையில் நம்ப முடியாத பாத்திரம் ஹெலன்தான், அதாவது நான். இவ்வளவு தெரிந்தவள் இப்படிச் செய்வாளா? செய்வாள். வீட்டில் யாரும் நர்ஸ் இல்லை.

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன்.

(அ) அண்ணன் தட்டை வாங்குகிறார். கிளமெண்ட் அழுகிறார். "பெத்த தகப்பன் இல்லையா" என்று எல்லாரும் உருகிவிட்டுப் பிரியாணிக்குப் போகிறார்கள். எதற்கு அழுதார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆல்பத்தில் நன்றாக விழும்.

(ஆ) தட்டு நீள்கிறது. கிளமெண்ட் எழுந்து இரண்டு கைகளையும்

இல்லை. அந்தக் கையைத் தினமும் சட்டைக்குள் நுழைப்பவள் நான். எனக்கு ஆசை இருக்கிறது என்பதற்காக அது எழும்பாது.

5

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, கோயிலை ஒட்டிய ஹால். ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. பின்னறையில் அவருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டியோடு அண்ணன் வந்து நின்றார்.

"நான் போய் நிக்கட்டா மாப்ள?"

கிளமெண்ட் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது கையால் வலது கையைத் தூக்கி, உள்ளங்கை மேலே தெரிய, மடியில் வைத்தார். அது சரிந்தது. மறுபடி தூக்கி, இந்தத் தடவை அடியில் இடது கையை முட்டுக் கொடுத்தார். சரிந்தது. மறுபடியும். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

பொத்தானை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும், அந்தக் கை மடிக்கு வந்துகொண்டே இருந்தது. இடைஞ்சல் என்று நானே எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெனி எட்டிப் பார்த்தாள். "மம்மி, ஜல்தி. ஃபாதர் வெயிட் பண்றாங்க."

"பண்ணட்டும்."

அவர் முன்னால் முட்டி போட்டேன். "ஏங்க, அன்னைக்கு நீங்க சிரிச்சதை நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். தப்புதான். இப்பக் கேக்கேன். தட்டை யாரு வாங்கணும்?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்துத் திறந்தது.

"நா..."

6

மிச்சம் என் வாயில் தயாராக இருந்தது. நானே வாங்குறேன். நான் வரலை. நாலு பேர் முன்னால வேண்டாம். மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தலையாட்டியிருப்பார், தண்ணீரைக் குடித்தவர்தானே. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஹாலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். விட மாட்டேன். உங்கள் வாயிலும் ஒன்று தயாராகியிருக்கும், எனக்குத் தெரியாதா. சொல்லிவிடாதீர்கள். அது அவருடைய வாக்கியம். இப்படிப் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்காருங்கள். பேசாமல் இருங்கள்.